கடைசி சீட் வரைக்கும்

ஐந்து வாரம் கழித்து அந்த பஸ் ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பி வந்து டிப்போ முற்றத்தில் நின்றது. பிரேக் புதிது, பெயிண்ட் புதிது, சீட்டு உறைகூடப் புதிது. காலை ஷிஃப்டுக்கு வந்த கண்டக்டர் அதன் நம்பரைப் பார்த்ததும் கேட்டருகே அப்படியே நின்றுவிட்டார். டைம் கீப்பர் தன் கூண்டிலிருந்து தலையை நீட்டினார்.

"என்ன மைக்கு, உங்க வண்டியே உங்களுக்கு அடையாளம் தெரியலையா? புதுப் பொண்ணு மாதிரி வந்து நிக்குது. ஏறுங்க, ஆறு பத்துக்கு முதல் ட்ரிப்."

மைக்கு என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை, டிப்போ வைத்த பெயர். அப்படி ஒரு தொண்டை அவருக்கு. முன்படியில் நின்று "எல்லாரும் இறங்குங்க" என்று ஒரு குரல் கொடுத்தால், பின்சீட்டில் குறட்டை விடுகிறவன் எழுந்து இறங்குவதோடு பக்கத்து பஸ்ஸும் காலியாகிவிடும் என்று கேலி பேசுவார்கள். பதினெட்டு வருஷ சர்வீஸை அந்தக் குரலை நம்பியே ஓட்டிவிட்டார். நெரிசலில் இடிபட்டுக்கொண்டு பின்பக்கம் போகிற வேலையெல்லாம் அவருக்குக் கிடையாது. நின்ற இடத்திலிருந்தே வண்டியை ஆட்டி வைப்பார். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்.

டிரைவர் ஏற்கெனவே தன் இடத்தில் உட்கார்ந்து முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வயதில் மூத்தவர். ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம்தான் பாக்கி. மைக்கு ஏறியதைப் பார்த்தும் அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"இந்த வண்டிதான் வேணுமா அண்ணே? வேற ஏதாவது மாத்திக் கேட்டுப் பாக்கலாமே."

"கேட்டா ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

மைக்கு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்படியருகே நின்றார். உள்ளே புது ரெக்சின் வாசனை மூக்கைத் துளைத்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. தலைவலிக்கு நெற்றியில் தேய்த்துக்கொள்வார்களே, அந்தத் தைலத்தின் வாசனை. ஒர்க்‌ஷாப்பில் யாராவது மெக்கானிக் தேய்த்திருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

முதல் மூன்று ட்ரிப் ஒரு குறையும் இல்லை. அலுவலகக் கூட்டம், பள்ளிக்கூடக் கூட்டம், சில்லறைக்குச் சண்டை, வழக்கமான கதை. நாலாவது ட்ரிப்பில், வெயில் ஏறிய பிறகு, ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கையில் ஆஸ்பத்திரி ஃபைல்.

"கண்டக்டர் சார், கடைசி சீட்ல ஒரு பெரியவர் நல்லாத் தூங்கிட்டு வர்றார். ஆஸ்பத்திரி ஸ்டாப்தான்னு நினைக்கறேன், மடியில மருந்துச் சீட்டு இருக்கு. கொஞ்சம் எழுப்பி விடுங்களேன், பாவம்."

மைக்கு திரும்பிப் பார்த்தார். பின்பக்கம் பதினைந்து இருபது பேர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம், கடைசியில், இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்று. அதில் ஒருத்தரும் இல்லை.

அத்தனை பேர் நின்றுகொண்டு வருகிறார்கள், அதில் ஒருத்தரும் உட்காரவில்லை.

"ஏம்பா, அந்த சீட்ல உட்கார வேண்டியதுதானே?" என்று அதற்குப் பக்கத்தில் நின்ற வாலிபனைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

வாலிபன் காதிலிருந்த ஒயரைக்கூட எடுக்கவில்லை. "ஆள் இருக்குல்ல சார்" என்றான். "பெரியவர் ஓரத்துல உட்காந்திருக்கார். அவரைத் தாண்டி ஜன்னல் பக்கம் எப்படிப் போறது?"

ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தது. பாதிக் கூட்டம் இறங்கியது. மைக்கு யாரையும் எழுப்பப் போகவில்லை.

கடைசி நிறுத்தத்தில் வண்டி ஓய்ந்து நின்றபோது, பழக்க தோஷம், முன்படியிலிருந்தே "எல்லாரும் இறங்கியாச்சா?" என்று கத்தினார். எல்லோரும் இறங்கியிருந்தார்கள். இன்ஜின் அணைந்திருந்தது. கம்பிகளில் தொங்கும் கைப்பிடி வார்கள் ஆடி அடங்கின.

பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது.

பெரிய இருமல் இல்லை. தொண்டையைச் சரிசெய்துகொள்கிற சின்ன இருமல். "நான் இங்கே இருக்கிறேன்" என்று வெட்கத்தோடு தெரிவிக்கிறவர்கள் இருமுகிற மாதிரி.

அந்த இருமலை மைக்கு இதற்கு முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறார்.

*

நடந்தது இதுதான். ஐந்து வாரத்துக்கு முன்னால், கொளுத்துகிற ஒரு மத்தியானத்தில், இதே வண்டிக்கு நடுவழியில் பிரேக் பிடிக்காமல் போனது. பயணிகளை இறக்கிப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வண்டியை டிப்போவுக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார்கள். ரிப்பேர் வண்டிகளை முற்றத்தின் பின்வரிசையில், மதிலோரம் நிறுத்துவார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடம்.

வண்டியை டிப்போவில் விடுகிறபோது ஒரு நடைமுறை உண்டு. கண்டக்டர் கடைசி சீட் வரைக்கும் நடந்து போக வேண்டும். இரண்டு பக்கமும் குனிந்து பார்க்க வேண்டும். பின்கம்பியைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, "வண்டி காலி" என்று டிரைவரிடம் சொல்ல வேண்டும். டிரைவர் அதைத் தாளில் எழுதிவிட்டுக் கதவை மூடுவார். வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. முப்பதடி தூரம் நடக்கச் சோம்பல்பட்டுக் கண்டக்டர்கள் முதல் வருஷமே விட்டுவிடுகிற பாடமும் இதுதான்.

அன்றைக்கு மணி இரண்டு இருபது. கேன்டீனை இரண்டரைக்கு மூடிவிடுவார்கள். மைக்கு பையைக் கழற்றிக்கொண்டே முன்படியில் நின்று "யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு சத்தம் போட்டார். "வண்டி காலிண்ணே" என்றார். டிரைவர் எழுதினார்.

அப்போதுதான் அந்த இருமல் கேட்டது.

கேட்டது. கேட்கவில்லை என்று பிறகு தன்னையே நம்ப வைக்க எத்தனையோ முயன்றார், நடக்கவில்லை. பக்கத்து வண்டிக்குக் கீழே எவனாவது மெக்கானிக் படுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினார். திரும்பி நடந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்று பயந்தார். புஸ்ஸென்று காற்று இறங்கிக் கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் காலை மெக்கானிக் கதவைத் திறந்தபோது பெரியவர் கடைசி சீட்டில் உட்கார்ந்த மேனிக்கே இறந்துபோயிருந்தார். முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்திருந்தார். கதவுக் கண்ணாடியின் உட்பக்கம் இரண்டு உள்ளங்கைகளின் தடம் இருந்தது. ஒரு செருப்பு கதவருகே கிடந்தது. எழுந்து வந்து தட்டியிருக்கிறார், யாரும் வரவில்லை என்றதும் போய்த் தன் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டிருக்கிறார். யாராவது வந்து பார்ப்பார்கள் என்று காத்திருந்திருக்கிறார், அவ்வளவு நல்ல மனுஷன்.

அவருடைய மகன் மேனேஜர் அறைக்கு வெளியே நின்று பேசினான். "அப்பாவுக்குக் காது சுத்தமா கேக்காது சார். எவ்வளவு சத்தம் போட்டாலும் தெரியாது. யாராவது தோளைத் தொட்டாத்தான் நிமிந்து பாப்பாரு." மைக்கு பக்கத்தில்தான் நின்றிருந்தார். தன் தொண்டையை அப்படியே அறுத்துப் போட்டுவிடலாமா என்றிருந்தது.

அப்படி இருந்ததே தவிர, விசாரணையில் அவர் உண்மையைச் சொல்லவில்லை.

"கடைசி வரைக்கும் போய்ப் பாத்தீங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

"பாத்தேன் சார்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பயம் வாயைப் பிடுங்கியது. யாரும் கேட்காமலே இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்தார். "சாயங்காலம் கூட்டறவங்க கதவைத் திறந்து போட்டிருப்பாங்க சார். அப்ப வந்து ஏறியிருப்பார்."

பெரியவர் வைத்திருந்தது முதியோர் பாஸ். எந்த வண்டியில் எப்போது ஏறினார் என்று காட்ட ஒரு டிக்கெட்கூட இல்லை. அன்று வண்டிகளைக் கூட்ட வேண்டியவர், டிப்போவில் எல்லோரும் கூட்டுகிற அக்கா என்று கூப்பிடுகிற பெண். கூட்டுகிறவர்கள் காலையிலேயே, ஒவ்வொரு வண்டியையும் கூட்டியதைக் குறிக்கும் அன்றைய அட்டைகள் எல்லாவற்றிலும் கையெழுத்தைப் போட்டு வைத்துவிட்டுத்தான் விளக்குமாற்றை எடுப்பார்கள். எல்லோரும் செய்வதுதான். பின்வரிசைக்குப் போன ரிப்பேர் வண்டியை அவர் தொடவே இல்லை. ஆனால் நாலு மணிக்குக் கூட்டியதாக அட்டையில் அவர் கையெழுத்து இருந்தது. கூட்டவில்லை என்றால் பொய்க் கையெழுத்து. கூட்டினேன் என்றால் கதவைத் திறந்து போட்டவர் அவர்தான். வேலை போய்விட்டது.

*

வண்டி திரும்பி வந்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை அக்காவின் மேல்முறையீட்டுக்கு மறுவிசாரணை. அதுதான் கடைசி. அதிலும் இல்லையென்று சொல்லிவிட்டால் பிறகு எந்தக் கதவையும் தட்ட முடியாது.

தினமும் காலையில் அக்கா டிப்போவுக்கு எதிர்ப்பக்க ஸ்டாப்பில் ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மைக்குவைப் பார்த்ததும் எழுந்து வருவார். இவர் அவரை அக்கா என்பார், அவர் இவரை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் இதுவரைக்கும் விசாரித்துக்கொண்டதில்லை.

"அண்ணே, வெள்ளிக்கிழமை உங்களையும் கூப்பிடுவாங்களாம். எனக்காக ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க. நான் வேலையில எப்படின்னு உங்களுக்குத் தெரியாததா? பொண்ணு கடைசி வருஷம் படிக்கிறா. பாதியில நிறுத்திட்டு எங்கயாவது வேலைக்குப் போறேங்கிறா."

"பாக்கறேங்கா."

"நீங்க ஒருத்தர்தான் தைரியம் எனக்கு."

அவர் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்த நம்பிக்கை மைக்குவைத் தின்றுகொண்டிருந்தது.

டிரைவரிடம் பேசிப் பார்த்தார். ட்ரிப் முடிந்து வண்டி நின்ற ஒரு சந்தில், குரலைத் தாழ்த்தி, "சொல்லிடலாம்னு இருக்குண்ணே" என்றார்.

டிரைவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "காலின்னு எழுதினது என் கை. நீ சொன்னா நானும் மாட்டுவேன். ஒன்றரை வருஷம் பொறுத்துக்க. அந்தக் கூட்டற பொண்ணுக்கு வேற வேலை கிடைச்சிடும்."

"உங்களுக்கு எதுவும் கேக்கலையா?"

"என்னது?"

"பின்னால."

டிரைவர் கையை நீட்டி, உள்ளே பார்க்கிற கண்ணாடியைக் கூரைப் பக்கம் மடக்கிவிட்டார். "நான் ரோட்டைப் பாத்து ஓட்டறவன்" என்றார். "எனக்கு எதுவும் தெரியாது."

செவ்வாயும் புதனும் இப்படியே போயின. ஒவ்வொரு ட்ரிப்பிலும் யாராவது ஒருத்தர் பெரியவரைப் பற்றிச் சொன்னார்கள். ஒருத்தி அவருக்கு வெயில் படுகிறது என்று திரையை இழுத்துவிட்டாள். ஒருத்தர் தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பார்த்துவிட்டு, "நிமிரவே மாட்டேங்கறாரே" என்று கவலையோடு திரும்பினார். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறார். மைக்குவுக்கு மட்டும் வெறும் சீட்தான் தெரிகிறது. இது என்ன கணக்கு என்று நினைத்து நினைத்து அவருக்குத் தூக்கம் போனது.

வீட்டில் மனைவி கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். "ஊரையே கூட்டற தொண்டை, என்கிட்ட மட்டும் முணுமுணுங்குது. டவர் கிடைக்கலையா?" என்று கேலி செய்து பார்த்தாள். மைக்கு சிரிக்கவில்லை. அவருடைய காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தவள் தோள் பக்கத்தை முகர்ந்தாள்.

"இதென்ன, தைலத்தைப் போய்ச் சட்டையில தேச்சிருக்கீங்க? யாராவது மேல சாஞ்சு தூங்கினாங்களா?"

மைக்கு அந்தச் சட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். மனைவி ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

வியாழக்கிழமை மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வண்டியை டிப்போவில் விட்டார்கள். பின்வரிசையில்தான் இடம் இருந்தது. அதே மதில், அதே வெயில். மணி இரண்டு இருபது. டிரைவர் தாளை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அலுவலகத்துக்கு நடந்தார்.

மைக்கு இறங்கவில்லை. இன்றைக்காவது கடைசி வரைக்கும் போய்ப் பார்த்துவிடுவது என்று காலையிலிருந்தே நினைத்து வைத்திருந்தார். போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லையென்று ஆகிவிட்டால் நாளைக்கு வாயைத் திறக்காமலும் இருந்துவிடலாம். உண்மையைச் சொன்னால், அந்த ஆசைதான் அவரை நடக்க வைத்தது.

ஒரு வரிசை. இரண்டு வரிசை. நாலு. தைல வாசனை அடர்ந்துகொண்டே வந்தது. ஆறாவது வரிசையில் கால் நின்றுவிட்டது.

யாரோ மூச்சு விடுகிறார்கள்.

வாயால் இழுத்து வாயால் விடுகிற மூச்சு. வெயிலில் நெடுநேரம் உட்கார்ந்தவர்களின் மூச்சு.

புஸ்ஸென்று சத்தம் கேட்டது.

மைக்கு திரும்பினார். முன்கதவு மூடியிருந்தது.

ஓடினார். கதவைத் தள்ளினார். அசையவில்லை. மேலே இருக்கும் அவசரப் பிடியை இழுத்தார். அது கையோடு தளர்ந்து வந்து, சும்மா தொங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நாற்பதடி தள்ளி, கேன்டீன் வாசலில் நாலைந்து பேர் கை கழுவிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். டைம் கீப்பர் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்.

மைக்கு கத்தினார். பதினெட்டு வருஷம் நகரத்தையே எழுப்பிய அந்தத் தொண்டையால், அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

ஒருத்தரும் திரும்பவில்லை.

கண்ணாடியில் ஓங்கி அடித்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. கூரைத் தகரம் அடுப்பாகக் காய்ந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுபடி கத்தினார். மறுபடி அடித்தார்.

அவர் அடித்து நிறுத்திய பிறகும் கண்ணாடியில் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை.

மெதுவாக, பலமில்லாத கையால், அவருக்குப் பக்கத்திலேயே.

தட். தட்.

மைக்கு கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க உயிரே போனாலும் முடியாது என்று தோன்றியது. "என்னை விட்டுருங்க" என்று சொன்னார். சொல்லும்போதே, காது கேட்காதவரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. தட்டுகிற சத்தம் நின்றது. காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம், ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் வெறுமையாகவும், மெல்லப் பின்பக்கமாகப் போனது. கடைசியில் சீட் ஸ்பிரிங் அமுங்கியது.

"இங்க என்னடா பண்றே?"

கண்ணைத் திறந்தார். டிரைவர் கீழே நின்றுகொண்டிருந்தார். கதவு அகலத் திறந்திருந்தது.

"கதவு... கதவு மூடிக்கிச்சுண்ணே."

"அப்பயிருந்து திறந்துதான் கிடக்கு. அங்கேயிருந்து பாத்துட்டுத்தான் வர்றேன், சிலை மாதிரி நின்னுட்டிருந்தே." டிரைவரின் பார்வை மைக்குவின் முகத்திலிருந்து கதவுக் கண்ணாடிக்குப் போய் அங்கேயே நின்றது. அவர் முகம் வெளுத்தது.

கண்ணாடியின் உட்பக்கம் இரண்டு சோடிக் கைத்தடங்கள் ஈரமாக இருந்தன. ஒரு சோடி மைக்குவுடையது. இன்னொன்று கொஞ்சம் தாழ, கூன் விழுந்த ஒருவரின் உயரத்தில் இருந்தது.

*

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறையில் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி. அக்கா சுவரோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"முன்னால சொன்னதுல ஏதாவது சேக்கறீங்களா?" என்று அதிகாரி மைக்குவைக் கேட்டார்.

"மாத்தணும் சார்." குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "நான் பின்னால போகல. முன்படியிலேயே நின்னு காலின்னு சொல்லிட்டேன். கதவைத் திறந்து போட்டாங்கன்னு சொன்னது பொய். அந்த அக்கா அந்த வண்டிப் பக்கமே வரல. தப்பு முழுக்க என்னுது."

அதிகாரி பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். இதோடு முடித்துக்கொண்டால் அக்காவுக்கு வேலை திரும்பிவிடும், அது போதும். ஆனால் மீதியும் தொண்டைக்குழி வரை வந்துவிட்டிருந்தது.

"இன்னொண்ணு சார். காலின்னு சொன்னப்பவே பின்னால இருமல் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் இறங்கினேன். கேன்டீன் மூடிடுவாங்கன்னு."

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால், காறித் துப்பியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அக்கா பார்த்ததோடு சரி.

அன்றே மைக்குவை வேலையிலிருந்து நீக்கினார்கள். போலீஸுக்கும் எழுதினார்கள், கூப்பிடும்போது வர வேண்டும் என்றார்கள். டிரைவருக்கு ஓய்வூதியத்தில் கைவைத்தார்கள், அவர் அதற்குப் பிறகு மைக்குவின் முகத்தில் விழிக்கவில்லை. அக்காவுக்குத் திங்கள்கிழமையே வேலை திரும்பிவிட்டது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அன்றைக்கு முழுவதும் அழுதுவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல அவருக்குச் சாப்பாடு போட்டாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு அவர் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார். கணக்கைத் தீர்த்துவிட்டோம் என்றுதான் நம்பினார்.

பத்து நாள் கழித்து அக்கா மைக்குவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

மைக்கு "உள்ள வாங்கக்கா" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இப்ப வேண்டாம்ணே. அந்த வண்டியைக் கூட்டறதுக்கு எனக்கே ஒதுக்கியிருக்காங்க. தினம் மத்தியானம் கூட்டறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "கடைசி சீட்ல ஒரு பெரியவர் உட்காந்திருக்கார். விளக்குமாறு கிட்டக்கப் போனதும் காலைத் தூக்கிக்கறார்."

மனைவி சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"முதல் நாள் அலறிட்டு ஓடிட்டேன். இப்ப பழகிடுச்சு. தொந்தரவு பண்ற ஆள் இல்ல. ஆனா முன்கதவையே பாத்துட்டிருக்கார்ணே. யாரோ வரணும்ங்கற மாதிரி. எனக்கு மனசு கேக்கல. நீங்க சொன்னதெல்லாம் ஆபீஸ்லதானே சொன்னீங்க. அவர்கிட்டப் போய் யாரும் எதுவும் சொல்லல. ஒரு தடவை வந்து, கடைசி வரைக்கும் நடந்து போய்ப் பாத்து, இறங்கச் சொல்லிட்டு வந்துடுங்க. இறங்கிடுவார்னு தோணுது."

மைக்கு மறுக்கவில்லை. மறுக்க அவருக்கு என்ன இருக்கிறது? செருப்பை மாட்டிக்கொண்டு அக்காவோடு கிளம்பினார்.

டிப்போ காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே விட்டார். வண்டி பின்வரிசையில் நின்றது. அக்கா முன்னால் ஏறி, வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி, துடைப்பானால் தள்ளிக்கொண்டே பின்பக்கம் நகர்ந்தார். மைக்கு அவருக்குப் பின்னால் நடந்தார். ஆறாவது வரிசையைத் தாண்டினார். ஒன்பது. பதினொன்று. பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாகக் கடைசி சீட் வரைக்கும் வந்து நின்றார்.

சீட்டில் யாரும் இல்லை. தண்ணீர் தரை முழுக்கப் பரவியிருந்தது.

சீட்டுக்கு முன்னால், வழியோரமாக, இரண்டு இடத்தில் மட்டும் தண்ணீர் பரவவில்லை. இரண்டு பாதங்களின் அளவுக்குத் தரை காய்ந்து கிடந்தது. சுற்றிலும் ஈரம் அவற்றைத் தொடாமல் விலகிப் போனது.

"இருக்கார்" என்றார் அக்கா, கிசுகிசுப்பாக.

கத்திப் பிரயோசனம் இல்லை என்று மைக்குவுக்குத் தெரியும். குனிந்து, தோள் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் காற்றில் கையை வைத்தார். விரல்களுக்குக் கீழே சட்டைத் துணி வியர்வையில் நனைந்த மாதிரி ஈரமும் சூடுமாக இருந்தது.

"பெரியவரே, மன்னிச்சிருங்க. நான்தான். ஸ்டாப் வந்துடுச்சு, இறங்குங்க."

சீட் ஸ்பிரிங் முனகியது.

காய்ந்த தடங்கள் இரண்டின் மேலும் தண்ணீர் ஏறியது. எழுந்துவிட்டார், இறங்கப் போகிறார் என்று மைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டு ஒதுங்கினார். வாசல் பக்கம் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்து அழுத்தி, தரையைக் காட்டினார்.

ஜன்னலோரமாக, ஓரடி உள்ளே தள்ளி, தண்ணீர் விலகியது. புதிதாக இரண்டு பாதங்களின் அளவுக்குத் தரை காயத் தொடங்கியது.

பெரியவர் இறங்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்து, வழியோரத்தில் இன்னும் ஒருத்தருக்கு இடம் விட்டிருந்தார்.